ஒலி ஒத்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இத்தாலியச் சொற்கள் பிறந்த கதையைச் சொல்லும் துணுக்குகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. பல துணுக்குகள் இரண்டு சொற்களின் ஒலி ஒத்திருப்பதைக் காட்டியதோடு நின்றுவிடுகின்றன. அந்தச் சொல் எந்தெந்த மொழி வழியே வந்தது, வழியில் எப்படி மாறியது என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டும்.

இஞ்சிக்கு இத்தாலியில் 'ட்ஸென்ட்ஸெரோ'. இது லத்தீன் 'ஸிங்கிபெர்', அதற்கு முன் கிரேக்க 'ஸிங்கிபெரிஸ்', அதற்கும் முன் பாலி 'சிங்கிவேர' என்று படிப்படியாகப் பின்னோக்கிப் போகிறது. பாலிச் சொல்லில் திராவிட 'இஞ்சி'யும் 'வேர்' என்பதும் இருப்பதாக மொழியியலாளர் பலரும் கொள்கின்றனர். சமஸ்கிருத 'ச்ருங்கவேர'த்தைக் கொண்டு, கொம்பு போன்ற வடிவத்தால் வந்த பெயர் என்பது பின்னால் ஏற்றிய பொருள். 'அராஞ்சா' என்ற ஆரஞ்சு பாரசீக 'நாரங்', அரபு 'நாரஞ்ஜ்' வழியே வந்தது. முதலில் இருந்த 'ந்' ஒலி எங்கே போனது? இத்தாலியில் 'ஊனா' என்றால் 'ஒரு'. 'ஊனா நராஞ்சா' என்று சேர்த்துச் சொன்னபோது அந்த 'ந்' முன்சொல்லோடு ஒட்டிக்கொண்டது. வெனிஸ் வட்டார வழக்கில் 'நரான்சா' என்று அது இன்றும் நிற்கிறது. இப்படிப்பட்ட தடயங்கள்தான் சான்று.

இத்தாலியில் அரிசியைக் குறிக்கும் 'ரீஸோ'வை நம் 'அரிசி'யோடு இணைப்பதற்கு இந்த வலு இல்லை. லத்தீன், கிரேக்க 'ஒரூஸா' வரை தடம் தெளிவு. அதற்கு முந்தைய படி கிழக்கு ஈரானிய மொழியாக இருக்கலாம் என்றே பலர் கருதுகின்றனர். அதை முடிந்த முடிவாக எழுதக் கூடாது. இத்தாலிக்குள்ளேயே இன்னொரு 'ரீஸோ' உண்டு. அதற்குச் 'சிரிப்பு' என்று பொருள், வேர் லத்தீன் 'ரீஸுஸ்'. ஒரே மொழியிலேயே ஒலி இவ்வளவு ஏமாற்றும்.

'குவாரன்டீன்' வெனிஸ் வழக்கின் நாற்பது நாளிலிருந்து வந்தது என்பது சரி. ஆனால் 1377-இல் ரகூசா (இன்றைய டுப்ரோவ்னிக்) துறைமுகம் கொண்டுவந்த விதி முப்பது நாள்தான். நாற்பது பிறகு வந்தது. 'சாவ்' என்ற முகமன் சொல் வெனிஸில் 'உங்கள் அடிமை' என்ற பணிவுரையாக இருந்தது, நம் 'அடியேன்' போல. இன்று அதில் பணிவு துளியும் இல்லை. நண்பர்களிடமும் வீட்டாரிடமும் சந்திக்கும்போதும் பிரியும்போதும் சொல்லலாம். அறிமுகமில்லாத பெரியவரிடம் 'நல்ல நாள்' என்று பொருள்படும் 'புவொன்ஜோர்னோ'தான் முறை.

அச்சுப்பிழைகளும் உண்டு. 'பனினி' பன்மை, ஒன்று என்றால் 'பனினோ', சிறு ரொட்டி. 'ஸ்பகெட்டி'யும் பன்மைதான், 'ஸ்பாகோ' என்ற கயிற்றின் சிறுமை வடிவம். தணலில் வாட்டுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த ரொட்டியை 'புருஷெட்டா' என்று எழுதுகிறார்கள். இத்தாலியில் சி, எச் இரண்டும் சேர்ந்தால் ககர ஒலிதான். 'புருஸ்கெட்டா' என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இத்தாலிய மொழி ஆசிரியர் ஒருவர்