பாடநூல் எழுதுபவர்களுக்கு: அந்த 'என்றால்' எங்கே போனது?

மேல்நிலை வகுப்பு வேதியியல், இயற்பியல் பாடநூல்களை எழுதும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு முப்பத்தோரு வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் அடுத்த முறை பாடநூலைத் திருத்த உட்காரும்போது ஒரு சின்ன மாற்றம் செய்ய வேண்டும் என்று கேட்டு எழுதுகிறேன். ஒரு சொல்தான். அது ஏன் வேண்டும் என்று சொல்ல, என் வகுப்பில் நடந்த ஒரு தப்பிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. தப்பு என்னுடையது.

1994. திடநிலைமை பாடம். ஒரு படிகத்தை முழுச் சுற்று சுற்றும்போது எத்தனை முறை அது பழைய தோற்றத்துக்கே திரும்புகிறது என்பதுதான் அதன் சுழற்சிச் சமச்சீர். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு முறை வரலாம். ஐந்து வராது, ஆறுக்கு மேல் எதுவும் வராது. இதை விளக்க நான் எப்போதும் கோலத்தைத்தான் இழுப்பேன். நேர்ப்புள்ளி வைத்து வாசல் முழுக்க ஒரே பூவைத் திரும்பத் திரும்பப் போட்டால் கால் சுற்றுக்கு ஒரு முறை கோலம் தன்னோடு பொருந்தும். அது நான்கு. ஊடுபுள்ளியில் நடுவில் 15 வைத்து இரு பக்கமும் 8 வரை குறைத்துக்கொண்டு போனால் அறுகோணம் கிடைக்கும். அது ஆறு. ஐந்துக்கும் எட்டுக்கும் கோலம் போடவே முடியாது என்று சொல்லி, கரும்பலகையில் 'முடியாது' என்று எழுதி அதற்கு அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், எங்க பாட்டி வெள்ளிக்கிழமை ஹிருதய கமலம் போடுவாங்க. அதுக்கு எட்டுக் கை இருக்கே?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "அது கோலம்மா, இது படிகம். உட்காரு" என்றேன். கோலத்தைப் படிகத்துக்கு உவமையாக இழுத்து வந்தவனே நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவள் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க அவள் என்னிடம் கேள்வி கேட்ட ஞாபகம் இல்லை.

2011 அக்டோபரில் வேதியியல் நோபல் பரிசு டான் ஷெக்ட்மன் என்ற இஸ்ரேலியருக்கு என்று பேப்பரில் பார்த்தேன். எதற்கு என்று படித்தபோது காபி ஆறிப்போனது. ஐந்து மடிப்புச் சமச்சீர், அதாவது ஒரு முழுச் சுற்றில் ஐந்து முறை தன்னோடு பொருந்தும் தன்மை உள்ள திண்மப் பொருள். அவருடைய கட்டுரை வந்தது 1984-இல். எட்டு மடிப்புச் சமச்சீர் உள்ளதைச் சீன ஆய்வாளர்கள் 1987-இல் கண்டுபிடித்திருக்கிறார்கள். நான் அந்தப் பெண்ணை உட்காரச் சொன்னது அதற்கு ஏழு வருடம் கழித்து.

என்ன நடந்தது என்று அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். ஷெக்ட்மன் ஹைஃபா நகரத்து டெக்னியான் பல்கலைக்கழகத்துக்காரர். அங்கிருந்து விடுப்பில் அமெரிக்கா போய், மேரிலாண்டில் அரசின் தர நிர்ணய ஆய்வகத்தில் விமானங்களுக்கான அலுமினியக் கலவைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். உருகிய உலோகத்தை, வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின் மேல் பீய்ச்சுவார்கள். நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற கணக்கில் அது குளிர்ந்து, ஜிகினா மாதிரி மெல்லிய நாடாவாக வந்து விழும். அணுக்களுக்கு ஆற அமர வரிசையில் உட்கார நேரம் கிடைக்காது.

1982 ஏப்ரல் 8 காலையில், அலுமினியமும் மாங்கனீசும் கலந்த அப்படியொரு நாடாத் துண்டை அவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார். படிகத்தின் ஊடே போகும் கதிர் சிதறிப் புள்ளிகளாக விழும் படத்துக்கு விளிம்பு விளைவுப் படம் என்று பெயர். அதில், மையத்தைச் சுற்றி ஒளிப்புள்ளிகள். எண்ணினார், பத்து. இந்த வகைப் படத்தில் ஐந்து இரட்டித்துப் பத்தாகத்தான் தெரியும். மறுபடி எண்ணினார், பத்து. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே 36 டிகிரி, பிசகில்லாமல். குறிப்பேட்டில் 'பத்து மடிப்பு' என்று எழுதி, பக்கத்தில் மூன்று கேள்விக்குறி போட்டார். 'அப்படி ஒரு பிராணியே கிடையாதே' என்று ஹீப்ரு மொழியில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். யாரிடமாவது சொல்லலாம் என்று நடைபாதைக்கு வந்தால் அங்கே ஒரு ஆளும் இல்லை.

அன்றைக்கு அவர் அடுத்துச் செய்த காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தன்னையே சந்தேகப்பட்டார். சாதாரணப் படிகங்கள் பல, ஒன்றோடொன்று கோணம் மாறி ஒட்டிக்கொண்டு வளர்வது உண்டு. இரட்டைப் படிகம் என்பார்கள். அப்படி ஐந்து துண்டு சேர்ந்தால் பொய்யாகப் பத்துப் புள்ளி காட்டும். எனவே அந்த இரட்டைகளைத் தேடினார். பார்க்கும் இடத்தைக் குறுக்கிக்கொண்டே போனார். இரட்டைகளாக இருந்தால் ஒரு கட்டத்தில் பத்து உடைந்து, பழகிய படிகம் ஒன்றின் புள்ளிகள் மட்டும் நிற்க வேண்டும். எவ்வளவு சிறிய இடத்தைப் பார்த்தாலும் பத்துதான்.

அவருடைய குழுத் தலைவர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே வந்து, மேசை மேல் ஒரு பாடநூலை வைத்து, இதைப் படியுங்கள் என்றாராம். இதை வைத்துத்தான் நான் வகுப்பே எடுக்கிறேன், படிக்கத் தேவையில்லை என்றாராம் ஷெக்ட்மன். சில நாள் கழித்து, குழுவை விட்டுப் போகும்படி சொல்லிவிட்டார்கள். இதெல்லாம் அவரே பிற்பாடு சொன்னது. அந்தப் பாடநூல் மேசையில் வந்து விழுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நானும் அதே புத்தகத்தின் தம்பி ஒன்றை வைத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணை உட்கார வைத்தேன்.

இலான் பிளெக்கும் அவருமாக முதலில் எழுதிய கட்டுரையை ஒரு ஆய்விதழ் திருப்பி அனுப்பியது. ஜான் கான், டெனி கிராட்டியாஸ் இருவரும் சேர்ந்த பிறகு, நான்கு பேர் பெயரில் 1984 நவம்பரில் இன்னொரு இதழில் வெளிவந்தது. எதிர்த்தவர்களில் பெரிய தலை லைனஸ் பாலிங். வேதிப் பிணைப்பு பற்றி நாம் நடத்துவதில் பாதி அவர் போட்ட பிச்சை. இரண்டு நோபல் வாங்கியவர். அவர் 1994-இல் இறக்கும் வரை ஏற்கவில்லை. இந்த வகைப் பொருளுக்கு ஆங்கிலத்தில் குவாசிகிரிஸ்டல் என்று பெயர்; குவாசி என்றால் 'அது போன்ற', 'அரைகுறையான' என்று அர்த்தம். "குவாசிகிரிஸ்டல் என்று எதுவும் இல்லை, குவாசி விஞ்ஞானிகள்தான் இருக்கிறார்கள்" என்று பாலிங் கிண்டலடித்ததை ஷெக்ட்மனே சொல்லியிருக்கிறார். (இதை ஒட்டி ஒரு வேண்டுகோள். தமிழில் இதற்குப் 'போலிப் படிகம்' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். பாலிங் ஜெயித்த மாதிரி ஆகிவிடும்.)

ஆனாலும் எதிர்த்தவர்களை வில்லன்களாக எழுத எனக்கு மனம் வரவில்லை. 1912-இல் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு வந்ததிலிருந்து எழுபது வருடம், ஆராய்ந்த படிகம் அத்தனையும் திரும்பத் திரும்ப அடுக்கிய அடுக்குதான். எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை மட்டும் நம்ப மாட்டோம், எக்ஸ்-கதிரில் காட்டு என்று அவர்கள் கேட்டது நியாயம். அதற்கு ஷெக்ட்மனின் படிகத் துணுக்குகள் மிகவும் பொடி. 1987 வாக்கில் பிரான்ஸிலும் ஜப்பானிலும் போதுமான அளவுக்குப் பெரிதாக வளர்த்துவிட்டார்கள். எக்ஸ்-கதிரும் அதையே சொன்னது. பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். 1992-இல் சர்வதேசப் படிகவியல் சங்கம், படிகம் என்பதற்கான வரையறையையே மாற்றியது. இப்போது அந்த வரையறையில் 'திரும்பத் திரும்ப அடுக்கிய' என்பது கட்டாயம் இல்லை. தெளிவான புள்ளிகளாக விளிம்பு விளைவுப் படம் கொடுத்தால் போதும்.

நம் நாட்டிலும் சும்மா இருக்கவில்லை. 1985-லேயே பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் கலவையில் ராமச்சந்திரராவும் சாஸ்திரியும் இந்த வகைப் பொருளைக் கண்டார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் அதே ஆண்டு வேலை மும்முரமாக நடந்தது. பெங்களூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு ராத்திரி பஸ் பயணம். அந்தச் செய்தி என் கரும்பலகைக்கு வந்து சேர இருபத்தாறு வருடம் பிடித்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனைக்கும் 'ஐந்து வராது' என்ற பழைய தேற்றம் தப்பாகவில்லை. இன்றைக்கும் அது அப்படியே நிற்கிறது. ஒரே வடிவம் சம இடைவெளியில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கிறது என்றால், ஐந்து மடிப்புச் சமச்சீர் வர முடியாது. ஐங்கோண ஓட்டின் மூலை 108 டிகிரி. மூன்று ஓட்டை ஒரு புள்ளியில் சேர்த்தால் 324. மிச்சம் 36 டிகிரி சந்து. நான்காவது ஓடு அதில் நுழையாது. இதை யாரும் மாற்ற முடியாது. ஆனால் திரும்பத் திரும்ப வராமலே ஒழுங்காக அடுக்கலாமே? ரோஜர் பென்ரோஸ் 1970-களிலேயே இரண்டே வடிவ ஓடுகளை வைத்து, தரை முழுக்கச் சந்தில்லாமல், ஒரே வடிவம் சம இடைவெளியில் மீள வராமல் பாவிக் காட்டியிருந்தார். அதில் ஐந்து மடிப்பு துள்ளி விளையாடும்.

அதாவது, தேற்றத்தில் ஒரு 'என்றால்' இருந்தது. தேற்றத்திலிருந்து ஆய்வுக் கட்டுரைக்கு, அங்கிருந்து பாடநூலுக்கு, பாடநூலிலிருந்து கைடுக்கு, கைடிலிருந்து என் கரும்பலகைக்கு வருவதற்குள் அந்த 'என்றால்' உதிர்ந்துவிட்டது. வெறும் 'முடியாது' மட்டும் வந்து சேர்ந்தது. பாட்டி போட்ட ஹிருதய கமலத்துக்கும் என் பாடத்துக்கும் உண்மையில் சண்டையே இல்லை. நடுப்புள்ளியிலிருந்து எட்டுக் கை விரிக்கலாம், யார் தடுத்தது? அதையே ஒரே அச்சாகத் தெரு முழுக்க இடைவெளி இல்லாமல் அடுக்கத்தான் முடியாது. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எனக்கே அந்த 'என்றால்' தெரியாததால் சொல்லத் தெரியவில்லை.

நான் கேட்கும் சொல் அதுதான். 'முடியாது', 'இயலாது', 'சாத்தியமில்லை' என்று எங்கெல்லாம் அச்சடிக்கிறீர்களோ, அங்கெல்லாம் எந்த நிபந்தனையில் முடியாது என்பதை அதே வாக்கியத்தில் போடுங்கள். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இப்படிச் செய்தால் எதையும் நம்புகிற பிள்ளைகள் உருவாகிவிடுவார்கள் என்று ஒரு நண்பர் பயந்தார். அவரும் வேதியியல் ஆசிரியர். 1996-இல் மூலிகை பெட்ரோல் கூத்து நடந்தபோது ஸ்டாஃப் ரூமில் நாங்கள் பட்ட பாட்டை நினைவுபடுத்தினார். தண்ணீரில் மூலிகையைப் போட்டால் பெட்ரோல் என்றார்கள். முடியாதுடா என்று நாங்கள் சொன்னபோது, "விஞ்ஞானிங்க முதல்ல எல்லாத்தையும் முடியாதுன்னுதான் சார் சொல்வாங்க" என்று பையன்கள் திருப்பி அடித்தார்கள். அன்றைக்கு எங்களிடம் வெறும் 'முடியாது' மட்டும் இருந்ததால்தான் தோற்றோம். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்த சாம்பல். வெளியிலிருந்து ஆற்றல் கொடுக்காவிட்டால் அதை மறுபடி எரிபொருளாக்க முடியாது என்று காரணத்தோடு சொல்லியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பையன்களே கேட்டிருப்பார்கள். அலுமினிய நாடா கதையில் மூடி மறைக்க எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் அதே கலவையைச் செய்து, அதே பத்துப் புள்ளியை எண்ணலாம். பல நாட்டு ஆய்வகங்களில் எண்ணினார்கள்.

இன்னொன்று. ஷெக்ட்மன் கதையைச் சேர்ப்பதாக இருந்தால், தயவுசெய்து 'உங்களுக்குத் தெரியுமா?' பெட்டிக்குள் போடாதீர்கள். அதில் கேள்வி வராது என்று எல்லோருக்கும் தெரியும். நானே எத்தனையோ பெட்டிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த விளிம்பு விளைவுப் படத்தைப் பாடத்துக்கு நடுவில் பெரிதாகப் போட்டு, புள்ளிகளைப் பிள்ளைகளே எண்ணும்படி விடுங்கள். புத்தகத்தின் பின்னால் ஒரு மூன்று மதிப்பெண் கேள்வி வையுங்கள்: 'ஐந்து மடிப்புச் சமச்சீர் எந்த நிபந்தனையில் இயலாது?' மதிப்பெண் இருந்தால்தான் நடத்துவோம். நம் தொழில் அப்படி.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு வருடம் நான் பென்ரோஸ் ஓடுகளைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி வகுப்புக்கு எடுத்துப் போனேன். தடித்த சாய்சதுரம் 72, 108 டிகிரி. மெலிந்தது 36, 144. எல்லாப் பக்கமும் ஒரே நீளம். மெலிந்தது 100 வெட்டினால் தடித்தது 162 வேண்டியிருக்கும். எந்தப் பக்கத்தோடு எந்தப் பக்கம் சேரும் என்பதற்கு ஸ்கெட்ச் பேனாவில் குறி போட்டிருக்கிறேன். குறி இல்லாமல் விட்டால் பிள்ளைகள் ஐந்தே நிமிடத்தில் சாதாரண வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். அந்த அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. சொன்னீர்கள் என்றால் அளவுகளோடு பார்சல் செய்து அனுப்பிவைக்கிறேன். இரண்டு மெலிந்த ஓடுகள் மட்டும் காணவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர்