அங்கே தகப்பன் பெயர் இல்லை, இங்கே தாய் பெயர் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப வேர்களைத் தேடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை பலரைப் பழைய காகிதங்களின் பக்கம் திருப்பியிருக்கும், நல்ல காரியம். ஆனால் பழைய சென்சஸைப் பார்த்தால் முன்னோரின் தகப்பனார் யாரென்று தெரிந்துவிடும் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருக்கிறது. அதை நம்பி மனுப் போடுகிறவர்கள் வீணாக அலைவார்கள் என்பதால் இந்தக் கடிதம்.

நம் நாட்டில் அந்த வழி அடைபட்டது. பழைய கணக்கெடுப்புகளில் நமக்கு மிஞ்சியவை அச்சிட்ட அட்டவணைகள்தான். 1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, வீட்டு வாரியாக எழுதிய பதிவுகளை வெளியார் பார்வையிட இடம் தருவதில்லை. நமக்கு உதவுவது பிறப்பு இறப்புப் பதிவேடு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி யாரும் கட்டணம் கட்டித் தேடச் சொல்லி நகல் வாங்கலாம். பழைய பதிவுகள் பலவற்றில் குழந்தையின் பெயர் இருக்காது; தேதி, ஆணா பெண்ணா, தாய் தகப்பன் பெயர், இவ்வளவுதான். அண்ணனின் பதிவைத் தம்பியுடையது என்று எடுத்துக்கொள்ளும் தவறு இங்கேதான் நடக்கிறது. அந்தத் தம்பதிக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளின் பதிவுகளையும் வரிசையாக எடுத்து, சிறு வயதில் போனவர்களை இறப்புப் பதிவேட்டில் பார்த்துக் கழித்த பிறகே எஞ்சியவரை நம் ஆள் என்று சொல்லலாம்.

ஆள் பெயரோடு சென்சஸ் கிடைப்பது இங்கிலாந்தில். பெரம்பூர், அரக்கோணம், போத்தனூர், திருச்சி ஆகிய ஊர்களின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களுக்கு அது மிகவும் வேண்டியது. ஆனால் அங்கேயும் சென்சஸ் மட்டும் தகப்பனாரைக் காட்டிக் கொடுக்காது. 1845-ல் அங்கே பிறந்து, 1863-ல் பட்டாளத்தில் சேர்ந்து, 1872-ல் சென்னையில் கல்யாணம் செய்து, 1884-ல் ஓய்வூதியத்தோடு விலகிய ஒரு சிப்பாயை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

தேடலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சென்னை மாகாணத் தேவாலயங்கள் தம் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களை லண்டனுக்கு அனுப்பின. அவை பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் (அந்நாளில் லண்டனிலிருந்து இந்திய நிர்வாகத்தைக் கவனித்த அலுவலகம்) பதிவுகளில் என்/2 என்ற வரிசையில் உள்ளன. குடும்ப வரலாறு தேட உதவும் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற இணையதளத்தில் படமாகவே பார்க்கலாம். எல்லாத் தேவாலயங்களும் ஒழுங்காக அனுப்பவில்லை. அங்கே இல்லையென்றால் உள்ளூர்த் தேவாலயப் புத்தகத்தையே கேட்க வேண்டும்.

திருமணப் பதிவில் மாப்பிள்ளையின் வயது, தொழில், தகப்பனார் பெயர் மூன்றும் இருக்கும். அந்தத் தகப்பனார் பெயரைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். பாதிரியார் கேட்டதற்கு மாப்பிள்ளை சொன்ன பதில் அது. கடல் கடந்து வந்தவர் சொன்னதைச் சரிபார்க்க அங்கே யாரும் இல்லை. தகப்பன் இன்னாரென்று தெரியாதவர்கள் தாத்தாவின் பெயரையோ, தாயைப் பின்னால் மணந்தவரின் பெயரையோ சொல்வதுண்டு. கூச்சத்தில் இல்லாத ஒரு பெயரை உண்டாக்கிச் சொன்னவர்களும் உண்டு.

இந்தப் பதிவில் பிறந்த ஊர் இருக்காது. அது தெரியாமல் இங்கிலாந்துக்குள் நுழைந்தால் அதே பெயரில் இருபது பேர் வருவார்கள், அவர்களில் பிடித்தமான ஒருவரை நாம் தத்தெடுத்துக்கொள்வோம். ஓய்வூதியத்தோடு விலகிய சிப்பாய்களின் விடுவிப்புத் தாள்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 97 என்ற வரிசையில் உள்ளன. பிறந்த ஊர், சேர்ந்தபோது வயது, முந்தைய தொழில் அதில் இருக்கும். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். பட்டாளத்தில் சேர வயதைக் கூட்டிச் சொன்ன பையன்கள் ஏராளம்.

ஊர் தெரிந்த பிறகு சென்சஸ். 1851 மார்ச் 30 அன்று எடுத்த கணக்கில்தான் முதன்முதலாகக் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதினார்கள். அதற்கு முந்தைய 1841 கணக்கில் உறவு கிடையாது. 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதையும் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 24 வயதுக்காரி அதில் 20 என்று இருப்பாள்.

1851-ல் நம் சிப்பாய் ஐந்து வயதுப் பையன். ஒரு வீட்டில் ‘மகன்’ என்று இருக்கிறான். தலைவருக்கு 53, மனைவிக்கு 51. இவனுக்கு மூத்த பிள்ளைக்கு 13 வயது. கல்யாணமாகாத 24 வயது மகளும் அதே வீட்டில். இங்கேதான் நிதானிக்க வேண்டும். 45 வயதுக்கு மேல், எட்டு வருட இடைவெளிக்குப் பிறகு ஒரு பிள்ளை பிறப்பது நடக்காததல்ல. ஆனால் மகளின் குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் தங்கள் பிள்ளையாகச் சொல்லி வளர்ப்பதும் அந்நாளில் சாதாரணம். வீட்டுக்காரர் சொன்னதைக் கணக்கெடுப்பவர் எழுதினார், அவ்வளவுதான். 1841 முதல் 1901 வரை நமக்குக் கிடைப்பது அவர் நோட்டில் பார்த்து எழுதிய நகல், வீட்டுக்காரர் நிரப்பிய தாள் அல்ல. நகலெடுக்கும்போது மேல் வரியின் ‘மேற்படி’ கீழ் வரிக்கும் இறங்கிப் பேரன் மகனாகிவிடலாம்.

இன்னொரு குழி உறவுச் சொல். ‘சன் இன் லா’ என்று அந்தக் காலத்துக் கணக்கில் இருந்தால் மருமகன் என்று மட்டும் படிக்கக் கூடாது. மனைவியின் முந்தைய மகனையும் அப்படித்தான் எழுதினார்கள். ஐந்து வயது மருமகன் யாருக்கும் இருக்க முடியாதே! மணமாகாமல் பெற்ற தாய் பின்னால் வேறொருவரை மணந்திருந்தால் பையன் அவருடைய குடும்பப் பெயரிலேயே சென்சஸில் வரலாம், ஆனால் பிறப்பு தாயின் கன்னிப் பெயரில், அதாவது கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரில், பதிவாகியிருக்கும். வளர்ப்புத் தகப்பன் பெயரில் தேடிவிட்டுப் பதிவே இல்லை என்று கைவிடுகிறவர்கள், முதலில் தாயின் திருமணப் பதிவைக் கண்டுபிடித்து, அதிலுள்ள அவள் பெயரில் திரும்பத் தேட வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்க்க உதவுவது பிறப்புப் பதிவு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு உண்டு. பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய இண்டெக்ஸில் ஒவ்வொரு குழந்தைக்கும் தாயின் கன்னிப் பெயர் சேர்த்திருக்கிறார்கள். நம் பையனுக்கு அந்த இடத்தில் பாட்டியின் கன்னிப் பெயர் இருந்தால் அவன் பாட்டி பெற்ற பிள்ளை. வெறும் கோடு இருந்தால் பெரும்பாலும் தாய் மணமாகாதவள், பதிவு அவள் குடும்பப் பெயரிலேயே. இண்டெக்ஸோடு நின்றுவிடாமல் முழுப் பதிவின் நகலை வாங்கிப் பாருங்கள். தகவல் சொன்னவர் யார், அவர் முகவரி என்ன என்ற கட்டங்கள்தான் அதில் பொக்கிஷம். அந்த முகவரி 1841-ல் தாத்தா இருந்த தெருவாகவே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

தகப்பன் கட்டத்தைப் படிக்க ஆண்டு தெரிந்திருக்க வேண்டும். 1850 வரை சில பதிவாளர்கள் மணமாகாத தாய் சொன்ன பெயரையே எழுதிக்கொண்டார்கள். அந்த ஆண்டு வந்த அறிவுறுத்தல் அதை நிறுத்தியது. 1875 முதல் தகப்பன் தானே வந்து தாயோடு கையெழுத்திட்டால்தான் அவன் பெயர் ஏறும். ஆகவே 1845 பதிவில் உள்ள பெயர் தாயின் வாய்மொழி; 1880 பதிவில் இருந்தால் அது அவனே ஒப்புக்கொண்டது. இரண்டுக்கும் ஒரே எடை தரக் கூடாது. பிறந்த தேதியிலும் கவனம் வேண்டும். 42 நாளைக்குள் பதிய வேண்டும் என்பதால், தாமதித்தவர்கள் சிலர் பிறந்த நாளை உண்மையைவிடப் பிந்திய தேதியாகச் சொன்னார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் அதற்கும் முந்தைய தேதி இருந்தால் திகைக்க வேண்டாம். 1875க்கு முன் பதியாமல் விட்டால் தண்டனையும் இல்லை. பதிவே இல்லாத குழந்தைகளுக்குக் தேவாலயப் புத்தகம் ஒன்றே கதி.

கட்டம் காலியாக இருந்தால் அடுத்த இடம் நீதிமன்றம். 1844 முதல் மணமாகாத தாய் தானே உள்ளூர் மாஜிஸ்திரேட்டுகளிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றானது. அந்த உத்தரவுகளில் ஆணின் பெயரும் ஊரும் இருக்கும். அவை அந்தந்தக் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்றது) ஆவணக் காப்பகத்தில், எஞ்சிய அளவுக்கு உள்ளன. வழக்குச் செய்தி உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்திருக்கலாம். பையனுக்கு நடுப்பெயராக யாரோ ஒருவரின் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் நல்ல துப்பு. துப்புதான், சாட்சி அல்ல.

இனி இந்தப் பக்கம். சென்னையில் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் தமிழ்த் தாய்க்கும் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் பதவியோடு இருக்கும். தாயின் இடத்தில் பல சமயம் ஒன்றும் இருக்காது, அல்லது ‘நேட்டிவ் வுமன்’ (இந்நாட்டுப் பெண்) என்ற இரண்டு சொல் இருக்கும். பெற்றவள் பெயரை எழுத ஒரு வரி ஒதுக்காத அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போது நெஞ்சு கனக்கிறது. மறைக்கக் காரணமும் இருந்தது: இந்தியத் தாய்க்குப் பிறந்த மகன்களைத் தன் சிவில், ராணுவ, கடற்படைப் பதவிகளில் சேர்ப்பதில்லை என்று 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி முடிவு செய்தது.

அந்தப் பெண்ணின் பெயர் வேறிடத்தில் கிடைக்கலாம். முதலில் உயில். அதே இந்தியா ஆபீஸ் பதிவுகளில் எல்/ஏஜி/34/29 என்ற வரிசையில் உள்ள உயில்களில் தன் ‘இயற்கை மகனுக்கு’ (மணமாகாமல் பிறந்தவனுக்கு) இவ்வளவு, அவன் தாய்க்கு மாதம் இவ்வளவு என்று எழுதியவர்கள் உண்டு. ஞானஸ்நானத்தில் விட்ட பெயர் அங்கே வந்துவிடும். அடுத்தது கத்தோலிக்கப் பங்குக் கோயில்களின் லத்தீன் பதிவுகள். ‘பாத்ரே இக்நோத்தோ’ என்றால் தகப்பன் தெரியாது என்று பொருள். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தாயின் உறவுக்காரர்கள் அங்கேதான் நிற்பார்கள். 1908க்குப் பிந்தைய திருமணங்களை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலேயே குறித்து வைக்கும் விதி உண்டு, அந்த ஓரக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். மதம் மாறியபோது வைத்த மரியாள், அன்னம்மாள் போன்ற பெயரைக் கொண்டு அவள் பிறந்த ஊரைத் தேடப் போக வேண்டாம். தகப்பனின் நாட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இங்கிலாந்து சென்சஸில் அத்தை வீட்டிலோ தாத்தா வீட்டிலோ ‘பிறந்த இடம்: மெட்ராஸ், ஈஸ்ட் இண்டீஸ்’ என்று வருவதையும் பார்க்கலாம்.

மரபணுச் சோதனை பற்றிச் சுருக்கமாக. மகன் வழியாகவே வந்த ஆண்களுக்கு ஒய் குரோமோசோம் சோதனை தகப்பன் வழிக் குடும்பப் பெயரைக் காட்டலாம். மகள் வழியாகவே வந்தவர்களுக்கு மைட்டோகாண்ட்ரியச் சோதனை, மூதாட்டி இந்தியப் பெண்ணா என்பதைச் சொல்லும். பெயரையோ ஊரையோ சொல்லாது. சாதாரணச் சோதனையில் மூன்றுவிட்ட உறவுகளுக்கு மேல் போனால் பொருத்தம் விழாமலே போகலாம். அதனால் வீட்டில் மிக மூத்தவரிடம் முதலில் மாதிரி எடுங்கள்.

கட்டுரையோடு வந்த குடும்ப மரப் படிவத்தில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டம்தான் இருந்தது. அடுத்த முறை அச்சிடும்போது பெயருக்குக் கீழே ‘சொன்னது யார்’, ‘எந்த ஆண்டுப் பதிவு’ என்று இரண்டு கோடுகள் விடும்படியும், தாய் தகப்பன் கட்டங்களில் ‘தெரியவில்லை’ என்று எழுதலாம் என ஒரு குறிப்புச் சேர்க்கும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை