புள்ளி உதிராத பெயர்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் 31 ஆண்டுகள் அச்சுக்கோத்தவன் நான். லேசரில் வெட்டினாலும் புள்ளி உதிராத ஒரு தமிழ் எழுத்துரு வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஓய்வுக்குப் பிறகும் கை சும்மா இருப்பதில்லை. நான்கு ஆண்டுகளாக எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு, கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட அவரவர் பெயரையே பலகையில் வெட்டிப் பரிசாகக் கொடுத்து வருகிறேன். எழுத்தை நான் வரைந்து கொடுப்பேன்; சந்திப்புப் பக்கம் உள்ள ஒரு லேசர் கட்டிங் கடையில் வெட்டித் தருவார்கள். பளபளப்பாக இருக்கும் என்று சிலர் பி.வி.சி. ஷீட்டைக் கொண்டுவந்து வெட்டச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் வாங்கவே மாட்டார். லேசர் பட்டால் அதிலிருந்து ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும். ஆளுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு. அவர் மறுப்பதுதான் சரி. நான் மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையோடு நிறுத்திக்கொள்கிறேன். அதிலும் முதலில் 3 மி.மீ. பலகை எடுத்தோம். நம் ஊரில் கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதானே? கனம் தாங்காமல் கொப்பு வளைந்துவிட்டது. இப்போது 2 மி.மீ.தான்.

நான் எழுத வந்தது வேறு விஷயம். முதல் ஆண்டு நான் வெட்டக் கொடுத்த முதல் பெயர் எஸ்தர். எழுத்துகள் சிதறாமல் இருக்க அடியில் ஒரு பட்டை போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தியிருந்தேன். இயந்திரம் நின்றதும் மூடியைத் திறந்து எடுத்தால், கையில் வந்தது 'எஸதர'. இரண்டு புள்ளிகளும், பலகையைத் தாங்கும் தேன்கூடு மாதிரியான தட்டின் கண்களுக்குள் விழுந்துவிட்டன. ஈய எழுத்தில் 'ஸ்' என்பது புள்ளியோடு சேர்ந்த ஒரே அச்சு. புள்ளி தனியே கழன்று போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைத் தம்பி சொன்னான்: "அண்ணாச்சி, பேரை இங்கிலீஷ்ல குடுங்க. ஒட்டியே வரும், விழாது." அவன் சொன்னதில் தப்பில்லை. ஆங்கிலக் கூட்டெழுத்தில் பெயர் முழுதும் ஒரே கோடாக ஓடும். தமிழில் கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. புள்ளியே இல்லாத பெயராயிற்றே என்று 'சாரா'வை எடுத்தால், அதுவே நான்கு துண்டு.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். புள்ளியைச் சின்ன வளையமாக்கி, ஒரு மெல்லிய காம்பால் எழுத்தோடு சேர்த்தேன். அந்த வளையத்திலேயே நூலையும் கோத்துவிடலாம். எஸ்தருக்கு இரண்டு புள்ளி, இரண்டு நூல். சாயாமல் நேராகத் தொங்குகிறது. சாமுவேலுக்குக் கடைசியில் ஒரு புள்ளிதான். அதற்கு மட்டும் 'சா'வின் தலையில் இன்னொரு வளையம் வைத்தேன். காம்பு ஒன்றரை மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் லேசர் தின்றது போக நிற்பது கரிதான், தொட்டால் ஒடியும்.

போன டிசம்பரில் கேரல் ரவுண்டு போனபோது ஒரு வீட்டுச் சவுக்கில் பேத்தியின் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு ஆச்சிக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வளையத்தை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். ஆங்கிலத்தில் வெட்டிக் கொடுத்திருந்தால் அவர்களுக்கு அது வெறும் பலகை.

ஓலையில் எழுதியவர்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டார்கள். அச்சு வந்த காலத்தில் எழுத்தையே புதிதாக வார்த்துக்கொண்டார்கள். ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால், தரங்கம்பாடி மிஷனரிகள் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அதற்கு ஈயம் வேண்டி, பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் மூடியை உருக்கினார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. கருவிக்கு ஏற்ற எழுத்தைச் செய்துகொள்வது நமக்குப் புதிதல்ல.

லேசருக்கும் அப்படி ஓர் எழுத்துரு வேண்டும். 247 எழுத்துகளிலும் கொம்பும் காலும் புள்ளியும் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையிலும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பெயரைக் கடைக் கணினியில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது, பிறகு பழைய எழுத்துருவில் மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஏற்கெனவே இலவச எழுத்துருக்களை வழங்குகிறது. அந்த வரிசையில் இதையும் சேர்க்கும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துரு வரையும் இளைஞர்கள் யாராவது முன்வந்தால், நான் பென்சிலில் வரைந்து வைத்திருக்கும் தாள்கள் அத்தனையையும் கொடுத்துவிடுகிறேன். பெற்றோரும் கடையில் போய் நிற்கும்போது, பிள்ளையின் பெயரைத் தமிழில் வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால் கடைக்காரர் செய்வார்.

இந்த ஆண்டுப் பட்டியலில் 43 பெயர்கள். 26 வரைந்தாயிற்று. மீதியை இந்த மாதத்துக்குள் முடித்தால்தான் டிசம்பர் முதல் வாரத்தில் வெட்டக் கொடுக்க முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
பாளையங்கோட்டை.