நான் வாங்கிய கருவியைத் திருப்பித் தாருங்கள்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கல்லடி, மட்டக்களப்பு, இலங்கை.

பெறுநர்: பொறுப்பாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

விடயம்: உங்கள் சிந்தசைசர் பிளகினில் சுருதிக் கோப்பு வசதியை நீக்கியதும், இணையச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதும்

ஐயா / அம்மையீர்,

கணினிக்குள் ஒரு வாத்தியம்போல ஓடுகிற இந்தச் சிந்தசைசர் பிளகினை, 2021இல் உங்கள் சென்னை விற்பனைப் பிரிவோடு தமிழில் பேசித்தான் வாங்கினேன். அதனால் இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். அப்போது விலை 149 டொலர். எங்கள் காசில் ஏறத்தாழ 30,000 ரூபா. கோயில் நிகழ்ச்சிகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கீபோர்ட் வாசித்து, வீட்டில் ஒரு சின்ன அறையில் பாட்டுப் பதிவு செய்து பிழைக்கிறவன் நான். இரண்டு மாதம் யோசித்துத்தான் வாங்கினேன். வாங்கியதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை, இந்த மார்ச் மாதம் வரை.

உங்கள் பிளகினில் எனக்குப் பிடித்ததையும் சொல்லிவிட வேண்டும். சத்தத்தின் கூர்மையைக் குறைக்கிற அந்த ஃபில்டரைப் போல ஒன்றை நான் வேறு பிளகின்களில் கேட்கவில்லை. அதன் கட்ஆஃப் குமிழை மெல்ல மெல்ல மூடிக்கொண்டு வந்தாலும் சத்தம் செத்துப்போவதில்லை. அடியில் ஒரு ரீங்காரம் கடைசி வரை நிற்கும். சத்தத்தை உண்டாக்குகிற இரண்டு ஒசிலேட்டரில் ஒன்றை 4 சென்ட் மட்டும் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையில் 100 சென்ட்) தள்ளி வைத்தால் தம்புரா மீட்டியதுபோல ஒரு அசைவு வரும். எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருக்கின்றன, பழைய லப்டொப்பும் திணறுவதில்லை. கல்முனையில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிற நண்பர் ஒருவர், 40 ஜிபி சாம்பிள் இறக்கினால்தான் வாய் திறக்கிற பிளகின்களை வாங்கி, வன்தட்டு நிரம்பிப்போய் இருந்தார். அக்கரைப்பற்றில் இன்னொருவர் லைசென்ஸ் இருந்த யூஎஸ்பி குச்சியைத் தொலைத்துவிட்டு, வாங்கிய பொருளையே இழந்தார். இரண்டு பேருக்கும் உங்கள் பிளகினை எடுங்கள் என்று சொன்னது நான்தான். அவர்களும் எடுத்தார்கள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

2022இல் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில், படுவான்கரையில் கூத்துப் பழக்குகிற ஒரு மூத்த அண்ணாவியார் ஐயாவின் வீட்டுக்குப் போய் வடமோடிக் கூத்துத் தருக்களை, அதாவது கூத்துப் பாட்டுகளை, பதிவு செய்தேன். கரண்ட் இல்லை, இணையம் இல்லை. லப்டொப் பற்றரியில் ஓடியது, உங்கள் பிளகினும் ஓடியது. அன்று ஐயா பாடப் பாட அவருக்குப் பின்னால் நீண்ட சுரங்களைப் பிடித்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்து அளந்தேன். கீபோர்டின் காந்தாரம் சட்ஜமத்திலிருந்து 400 சென்ட்டில் இருக்கும். ஐயாவின் காந்தாரம் 345க்குப் பக்கத்தில் நின்றது. தவறிப் பாடியிருப்பாரோ என்று பத்து இடத்தில் அளந்தேன். பத்து இடத்திலும் 340க்கும் 350க்கும் இடையில்தான். அது தவறு இல்லை, அவர் தன் அண்ணாவியாரிடமிருந்து வாங்கி வைத்திருந்த இடம்.

அங்கேதான் உங்கள் பிளகின் எனக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு சுரமும் எங்கே நிற்க வேண்டும் என்று எண்ணாக எழுதி வைக்கிற ஸ்காலா சுருதிக் கோப்பைத் திறக்கும் வசதி அதில் இருந்தது. நோட்பேடில் எழுதினேன்: முதல் வரியில் ஒரு பெயர், அடுத்த வரியில் சுரங்களின் எண்ணிக்கை 12, அப்புறம் சுரத்துக்கு ஒரு வரி. காந்தாரத்தின் வரியில் 400.0க்குப் பதில் 345.0. புள்ளி வைக்காவிட்டால் அதைச் சென்ட்டாக எடுக்காது, விகிதமாக எடுத்துவிடும் என்பதும் உங்கள் கையேட்டில் படித்ததுதான். கோப்பை ஏற்றிவிட்டுக் கட்டையை அழுத்தினேன். ஐயாவின் குரலும் அந்தச் சுரமும் ஒன்றாக உட்கார்ந்தன. நான் கீபோர்ட் தொடத் தொடங்கி இருபத்தைந்து வருடம், அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்தது குறைவு.

ஐயா சென்ற வருடம் காலமானார். ஆண்டுத் திவசத்துக்கு அந்தத் தருக்களை இறுவட்டாகப் போட்டுத் தரச் சொல்லி அவருடைய மூத்த மகன் வந்தார். கணினியைத் திறந்தேன். உங்கள் இன்ஸ்டோலர் என்னைக் கேட்காமலே மார்ச்சில் புதிய பதிப்பைப் போட்டிருந்தது. பாட்டைப் போட்டதும் இரண்டு பேரும் திடுக்கிட்டோம். பின்னணிச் சுரம் 400இல், ஐயாவின் குரல் 345இல். ஐயாதான் சுருதி விலகிப் பாடுகிறார் என்று கேட்பவர் நினைப்பார்கள். மகன் சொன்னது அப்படியே: “என்னகா இது, அப்பா இப்பிடிப் பாடமாட்டாரே.” நான் என்ன பதில் சொல்ல?

ஒலியாக மாற்றி வைத்திருக்கலாமே என்று உங்கள் ஊழியர் கேட்டார். தருவுக்குத் தரு ஃபில்டரைத் திருத்த வேண்டியிருந்ததால் மிடியாகவே விட்டிருந்தேன். 1983இல் வந்த நாளிலிருந்து மிடி கொண்டுபோவது எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்பதுதான். சத்தம் உங்கள் பிளகினில்தான் பிறக்கிறது. அது மாறினால் பாட்டு மாறிவிடும். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டு தடவை எழுதினேன். முதலில் தானியங்கிப் பதில். அடுத்து வந்ததில், சுருதிக் கோப்பைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு, அதனால் அது இப்போது ப்ரோ பதிப்பில் மட்டும், 79 டொலர் கட்டி மாறிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. இன்றைய கணக்கில் 23,000 ரூபாவுக்கு மேல். விலையை விட அந்தக் காரணம்தான் என்னை நோகடித்தது. ஸ்காலாவின் தொகுப்பில் 5,000க்கும் மேற்பட்ட சுருதிக் கோப்புகள் இருக்கின்றன. அரபு இசைக்காரருக்கும் துருக்கி இசைக்காரருக்கும் ஜாவாவின் கமலான் வாசிப்பவருக்கும் 12 சம இடைவெளி போதாது. காசே வாங்காத சேர்ஜ் எக்ஸ்டி பிளகின் அந்தக் கோப்புகளைத் திறக்கிறது. இங்கே பக்கத்தில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், பழந்தமிழர் யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். சுருதியை எண்ணாகப் பார்ப்பது எங்கள் ஊருக்குப் பழக்கமான விடயம். நாங்கள் குறைவான பேர்தான், ஆனால் காசு கொடுத்து வாங்கியவர்கள்.

இரண்டாவது குறை, இணையச் சரிபார்ப்பு. பழைய பதிப்பை ஒரு முறை பதிந்தால் போதும். புதியது 14 நாளுக்கு ஒரு தடவை உங்கள் சேர்வரைக் கேட்கிறது. வைகாசிச் சடங்குக் காலத்தில் ஒரு கோயில் நிகழ்ச்சிக்காக மண்முனைப் பாலம் தாண்டிப் போயிருந்தேன். அந்த இடத்தில் போனில் ஒரு கோடு சிக்னல் வந்தாலே பெரிய காரியம். ஜெனரேட்டர் போட்டு, லப்டொப்பைத் திறந்தால், சரிபார்க்கவில்லை என்று ஒரு பெட்டி. சரி, வாசிக்க விடுகிறதே என்று தொடங்கினேன். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ‘இஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சலைப் போடத் தொடங்கியது. பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒன்று பாடிக்கொண்டிருந்தது. மேல் சட்ஜமத்தில் நின்ற நேரம் பார்த்து அந்த இரைச்சல் வந்தது. பிள்ளை பாட்டை நிறுத்தவில்லை. திரும்பி என்னைப் பார்த்தது, அவ்வளவுதான். டெக்ஸ்ட் (Dexed) என்கிற இலவசப் பிளகினுக்கு மாறி மிச்சத்தை வாசித்து முடித்தேன். திருட்டுப் பிரதி வைத்திருக்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. காசு கட்டிய எனக்குத்தான் சபை நடுவில் அவமானம்.

நான் கேட்பது அதிகமில்லை. 2021இல் எனக்கு விற்ற அதே பதிப்பின் இன்ஸ்டோலரை எனக்கும், நான் சொல்லி வாங்கிய அந்த இரண்டு நண்பர்களுக்கும் அனுப்புங்கள். அது முடியாவிட்டால் சுருதிக் கோப்பு வசதியை எங்கள் பதிப்பிலேயே, கட்டணமில்லாமல், திரும்பத் தாருங்கள். இணையம் இல்லாமல் பதிய ஒரு வழி செய்யுங்கள். கணினியின் குறியீட்டை நாங்கள் அனுப்ப, நீங்கள் ஒரு சாவிக் கோப்பு அனுப்பினால் போதும், வேறு பல பிளகின்களில் அந்த வழக்கம் இருக்கிறது. எங்கள் சம்மதம் இல்லாமல் புதிய பதிப்பை ஏற்றுவதை நிறுத்துங்கள். இவற்றில் எதுவும் முடியாது என்றால் 149 டொலரையும் திருப்பித் தாருங்கள். 21 நாளுக்குள், தானியங்கிப் பதிலாக இல்லாமல், ஒரு ஆள் எழுதிய பதிலை எதிர்பார்க்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஐயாவின் ஒரே தருவின் இரண்டு பதிவுகளை இணைத்திருக்கிறேன். முதலாவது, உங்கள் பழைய பதிப்பு இருந்தபோது ஐயாவுக்குக் கேட்கப் போனில் அனுப்பியது. மற்றது இன்றைக்கு எடுத்தது. பதில் எழுதுகிறவர் தயவுசெய்து இரண்டையும் ஹெட்போனில், 2 நிமிடம் 40 செக்கனில் இருந்து கேட்டுவிட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.