பாலக்காட்டில் ஒரு பியானோ கச்சேரி

கொழிஞ்சாம்பாறை,
தை மாதக் கடைசி.

அன்பு மாப்ளைக்கு,

பொங்கலுக்கு வராததற்கு நீ எழுதிய காரணத்தை நானும் நம்பவில்லை, வீட்டிலும் நம்பவில்லை. அது கிடக்கட்டும். "பாலக்காட்டுல பியானோ கச்சேரியா? யாருடா கேப்பாங்க?" என்று நக்கலடித்திருந்தாயே, எங்கள் பாலியேட்டிவ் யூனிட்டுக்கு, அதாவது நாள்பட்ட நோயாளிகளின் வலியைத் தணித்து வீட்டுக்கே வந்து கவனிக்கும் அமைப்புக்கு, நிதி திரட்ட நடத்திய அந்தக் கச்சேரிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் பியானோவுக்காக வரவில்லை என்பது வேறு விஷயம். எங்கள் பாலியேட்டிவ் சிஸ்டர் எந்தெந்த வீட்டுக்குப் போய் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறாரோ, அந்த வீட்டு ஆட்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள்.

பியானோ கொச்சியிலிருந்து லாரியில் வந்தது. மூன்று காலையும் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கம்பளி சுற்றிக் கொண்டுவந்தார்கள். தை மாதக் கணவாய்க் காற்று உனக்குத் தெரியும், உதடே வெடித்துப் போகும். அந்த வறட்சிக்கு உள்ளே இருக்கும் மரப்பலகை சுருங்கி, சுருதி இறங்கிவிடுமாம். ட்யூனர் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மொத்தம் 88 கட்டை. மேல் ஸ்தாயியில் கட்டை ஒன்றுக்கு மூன்று கம்பி. பக்கத்துக் கம்பிகளை ஒரு கம்பளிப் பட்டையைச் செருகி அடக்கிவிட்டு, நடுக்கம்பியை முதலில் சேர்த்தார். பிறகு பட்டையை உருவி, மற்ற இரண்டையும் அதனோடு ஒட்ட வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த கல்பாத்தி மிருதங்கக்காரர், "நாங்க கல்லால ரெண்டு தட்டு தட்டினா முடிஞ்சது" என்று பெருமூச்சு விட்டார்.

முதலில் பீத்தோவன், 1801இல் எழுதிய நிலவொளி சொனாட்டா. சத்தம் கேட்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸால் விசிறிக்கொண்டே கேட்டோம். பின்னால் ஒரு மாமா, "கீரவாணின்னா இது!" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, மேற்கத்தியர்கள் ஹார்மோனிக் மைனர் என்கிற வரிசைக்கும் கீரவாணி ராகத்துக்கும் ஸ்வரங்கள் ஒன்றேதான். முதல் பகுதி முடிந்ததுமே கைதட்டினோம். அந்த வழக்கம் அவர்களுக்கு இல்லையாம். பியானோ வாசித்த அம்மா லேசாகச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். மூன்றாவது பகுதியின் வேகத்துக்குத் தொடையில் தாளம் போட்டவர்கள் எல்லோரும் தோற்றார்கள்.

எனக்குப் பிடித்தது ஷோபன்தான். 1838 குளிர்காலத்தில் மயோர்கா தீவில் இருமிக்கொண்டு கிடந்தபோது அவர் முடித்த பிரெலூடுகள் என்கிற சின்னச் சின்ன பியானோ உருப்படிகளில் ஒன்று. ஒரே ஸ்வரம் விடாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. நடுவில் இருண்டு, இடது கை கனத்துப் போகும்போதும் அந்த ஒன்று நிற்பதில்லை. தம்பூரா கேட்டுப் பழகிய காதுக்கு அது போதும். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

எழுந்து போனதெல்லாம் பேச்சுக்குத்தான். பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடி பொன்னாடை. தொகுத்து வழங்கிய பெண் மட்டும் ஒரு நல்ல சேதி சொன்னாள். ஹாண்டெல் இசையமைத்த மெசையா என்கிற பெரிய கூட்டுப் பாடல் படைப்பு முதன்முதலில் அரங்கேறியதே டப்ளினில் இப்படி ஒரு நிதிக் கச்சேரியாகத்தானாம், 1742 ஏப்ரல் 13. இரண்டு மருத்துவமனைகளுக்கும், கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் பணம் பிரிந்தது. 142 பேர் வெளியே வந்தார்கள். கூட்டம் தாங்காதென்று, பெண்கள் வளையம் வைத்த பாவாடையும் ஆண்கள் வாளும் இல்லாமல் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்களாம்.

நம்ம கச்சேரியில் அவ்வளவெல்லாம் தேறவில்லை. அந்தம்மா சம்பளம் வாங்கவில்லை, மண்டபமும் இலவசம். லாரியும் ட்யூனரும் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. பணம் மட்டும்தான் வேண்டுமென்றால் கடைவீதியில் உண்டியல் குலுக்கினால் போதும் என்று கமிட்டியில் சொன்னவன் நான். இப்போதும் அதைத்தான் சொல்வேன். மலப்புறத்தில் பாலியேட்டிவ் வேலையே கடைக்காரரும் பஸ்காரரும் போட்ட சில்லறையில்தானே ஓடியது. ஆனால் சிஸ்டர் பேசிய அந்தப் பத்து நிமிஷத்தை உண்டியல் கேட்க வைக்காது.

அவர் அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபினைப் பற்றித்தான் பேசினார். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் லைசென்ஸ் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளும் கடைகளும் அதை வைப்பதையே விட்டுவிட்டன. அதைத் தளர்த்த 2014இல்தான் திருத்தம் வந்தது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு கசகசாச் செடி வளர்த்து உலகத்துக்கே அபின் அனுப்பும் நாடு இது. இந்தப் பாலியேட்டிவ் வேலையை கோழிக்கோட்டில் 1993இல் சில டாக்டர்கள் தொடங்கி, 2008இல் கேரள அரசு கொள்கையாகவே எடுத்துக்கொண்டதால்தான் இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீட்டு வாசலுக்கு வருகிறார். கேட்கக் கேட்க உன் சித்தப்பா ஞாபகம்தான். கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ராத்திரியெல்லாம் கத்தினாரே.

அதனால் சொல்கிறேன், பெரியம்மா விஷயத்தில் "வயசாயிடுச்சு, என்ன பண்றது" என்று இழுக்காதே. பாலியேட்டிவ் என்றால் சாகப் போகிறவர்களுக்கு மட்டும் என்று உன் தம்பி சொன்னானாமே, அவனைப் பேச விடாதே. இடுப்பில் சிவந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ரெண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. யூனிட்டில் ஒரு ஏர் பெட் சும்மா இருக்கிறது, என் பேரில் எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். மோட்டார் சத்தம் கொஞ்சம் இருக்கும், முதல் ரெண்டு நாள் பெரியம்மா திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காரில் வா, பின் சீட்டைக் காலியாக வைத்துக்கொள். சிஸ்டரிடமும் பேசி வைக்கிறேன், போட்டோ எடுத்துக்கொண்டு வா.

உன்
கொழிஞ்சாம்பாறைக்காரன்