ஊதத் தயார், புதுக் குழாய் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

இருபது வருடமாக இரவு ஆட்டோ ஓட்டுகிறேன். டீயைத் தவிர வேறு பழக்கமில்லை. போன சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கு, குடித்திருக்கிறேனா என்று சோதிக்க வழிமறித்து, 'ஊதுடா' என்றார் என் மகன் வயதுள்ள காவலர். முன்னவர் ஊதிய குழாயையே, எச்சில் காயாமல், என் வாயருகே நீட்டினார். புதுசு கேட்டேன், சாவியைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் ஊதினேன். பூஜ்யம்.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்கிறது சட்டம். சரி, பிடியுங்கள். குடித்துவிட்டு வருபவன் என் வண்டி மீதும்தான் மோதுவான். ஆனால் டாஸ்மாக் மூடும் பத்து மணிக்கு, வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளை யார் கேட்கிறார்கள்?

இப்படிக்கு,
ஓர் இரவு ஆட்டோக்காரர்