கேள்வித்தாளை எழுதும் இடத்திலும் அவர்கள் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடக்கும் மனநல ஆய்வுகளில், மனநோயை அனுபவித்தவர்களையும் தொடக்கத்திலிருந்தே சேர்க்க வேண்டும் என்று நான் எழுதுவதற்கு என் தாயாரே காரணம். சென்ற ஆண்டு அல்சூரில் எங்கள் வீட்டருகே உள்ள சுகாதார நிலையமொன்றில், ‘மனச்சோர்வு உண்டா?’ என்று ஆய்வாளர் கேட்டபோது, இல்லை என்று தலையசைத்த அம்மா, வீடு திரும்பும் வழியில், நெஞ்சு பாரமாக இருப்பதையும் மூன்று மாதமாக விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுவதையும் என்னிடம் சொன்னார். (ஆய்வாளர் பொறுமையானவர்தான், குறை அவருடையதன்று.) ‘நெஞ்சு பாரம்’ என்ற சொல் கேள்வித்தாளில் இடம்பெற, அதைச் சுமந்த ஒருவர் கேள்விகளை எழுதும் இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மாநில மனநல ஆணையத்தில் மனநோயை அனுபவித்தவர்களின் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கிறது. ஆய்வு என்று வரும்போது மட்டும் சம்மதம் பெறுவதோடு நின்றுவிடுகிறது. தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கும் இந்நகரிலாவது, எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கே அவர்களை அழைத்து, அன்றைய கூலியை இழந்து வருபவருக்கு அதை ஈடுசெய்து, கண்டறிந்ததை அவர்கள் மொழியிலேயே (அல்சூரில் பல வீடுகளில் அது தமிழ்) திரும்ப வந்து சொல்லவும் ஆய்வு நிறுவனங்கள் ஏற்பாடு செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு.